இன்ஜின் ஓடுகிறது, விளக்கு மட்டும் சரியில்லை

மூன்று ராத்திரி ஒரே மாடல் ரயில் இன்ஜினோடு உட்கார்ந்திருந்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு கண்ட்ரோலர் குமிழை ஒரு சொடுக்கு திருப்பினால் முன்விளக்கு எரியும். இன்னொரு சொடுக்கு, அணைந்துவிடும். அடுத்த சொடுக்கில் மறுபடி எரியும். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கிறது, விளக்கு மட்டும் இப்படி ஆட்டம் காட்டுகிறது.

யாருக்கும் முதலில் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: அழுக்கு. முதல் ராத்திரி சக்கரங்களைத் துடைத்தேன், தண்டவாளம் முழுக்கத் துடைத்தேன், சக்கரத்தின் பின்பக்கம் உரசி மின்சாரம் எடுக்கும் மெல்லிய செப்புத் தகடுகளை ஊசி முனையால் நிமிர்த்தினேன். இரண்டாம் ராத்திரி எல்இடியைக் கழற்றிப் புதிது போட்டேன். மூன்றாம் ராத்திரி, கட்டளைகளை வாங்கி மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் டீகோடர் என்ற சின்ன சர்க்யூட்டையே மாற்றிவிடலாம் என்று மேல்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று குமிழை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பி எண்ணினேன். ஒரு படியில் எரிகிறது, அடுத்த படியில் இல்லை, அதற்கடுத்த படியில் எரிகிறது. தவறாமல் ஒன்றுவிட்டு ஒன்று. இன்ஜினைக் கையில் தூக்கி வேறு இடத்தில் வைத்தாலும் அதே கணக்கு. அழுக்குக்கு எண்ணத் தெரியாது. இது தகவல் கோளாறு என்று அப்போதுதான் உறைத்தது.

தண்டவாளத்து மின்சாரத்திலேயே டிஜிட்டல் கட்டளைகளை அனுப்பும் டிசிசி முறையில் வேகக் கட்டளை போகும்போது திசையும் வேகமும் ஒரே பைட்டில் போகின்றன. வேகத்தை 14 படிகளாகப் பிரித்த பழைய முறையில் அந்த பைட்டில் ஒரு பிட் முன்விளக்குக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 28 படி முறையில் அதே பிட் வேகத்தை இன்னும் நுணுக்கமாகச் சொல்லப் பயன்படுகிறது, விளக்குக்குத் தனிக் கட்டளை போகிறது. ஆகவே கண்ட்ரோலர் 28 படியில் பேசி டீகோடர் 14 படியில் கேட்டுக்கொண்டிருந்தால், வேகத்தின் கடைசி பிட்டை டீகோடர் ‘விளக்கைப் போடு, விளக்கை அணை’ என்று எடுத்துக்கொள்ளும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: கண்ட்ரோலர் 14, டீகோடர் 28 என்றிருந்தால் விளக்குப் பொத்தானை அழுத்தினால் விளக்கு அசையாது, வேகம்தான் ஒரு துளி கூடும் அல்லது குறையும்.

சரி, முன்பு ஒழுங்காக இருந்த டீகோடர் எப்படி 14 படிக்குப் போனது? நான்தான் அனுப்பினேன். அதற்கு ஒரு வாரம் முன்பு அந்த இன்ஜின் முன்னால் போகச் சொன்னால் பின்னால் போனது. திசையை மாற்ற சிவி29ல் (சிவி என்பது டீகோடருக்குள் ஒவ்வொரு அமைப்பையும் சேமிக்கும் எண்ணிட்ட இடம்) 1 போட வேண்டும் என்று எப்போதோ குறித்து வைத்திருந்தேன், அப்படியே 1 எழுதிவிட்டேன். ஆனால் சிவி29 தனி எண் அல்ல, பல சுவிட்சுகளின் கூட்டுத்தொகை. திசையைத் திருப்ப 1, 28 அல்லது 128 படிக்கு 2, டிஜிட்டல் அல்லாத சாதாரண டிசி தண்டவாளத்திலும் ஓட 4, டீகோடர் பதில் தகவல் அனுப்பும் ரெயில்காமுக்கு 8, வேக அட்டவணைக்கு 16, நான்கு இலக்க முகவரிக்கு 32. பல டீகோடர்கள் 6 என்ற மதிப்போடு வருகின்றன, அதாவது 2ம் 4ம். நான் செய்திருக்க வேண்டியது 6ஐ 7 ஆக்குவது. வெறும் 1 எழுதியதால் திசை மாறியது, கூடவே 28 படியும் டிசி ஓட்டமும் காணாமல் போயின. டிசியில் ஓட்டுவதில்லை என்பதால் 3 எழுதினேன். அந்த நிமிடமே விளக்கு நிலையாக எரிந்தது. அன்று முதல் சிவி29ஐத் தொடும் முன் இருக்கிற மதிப்பைப் படித்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளாமல் நான் எதையும் மாற்றுவதில்லை.

அந்த மூன்று ராத்திரிக்குப் பிறகு என் பழக்கமே மாறிவிட்டது. விளக்கு மக்கர் செய்தால் முதலில் துணியையோ ஸ்க்ரூடிரைவரையோ எடுப்பதில்லை. அறையை இருட்டாக்கிவிட்டு, விளக்கு எப்படிக் கெடுகிறது என்று ஐந்து நிமிடம் பார்க்கிறேன். எதோடு சேர்ந்து மாறுகிறது? குமிழோடா, இடத்தோடா, சக்கரத்தின் சுற்றோடா, திசையோடா, பக்கத்தில் இன்னொரு இன்ஜின் கிளம்புவதோடா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதில் விளக்கை நான் ஏன் இவ்வளவு நம்புகிறேன் என்றால், டிசிசி தண்டவாளத்தில் இன்ஜின் நின்றாலும் ஓடினாலும் மின்னழுத்தம் ஒரே அளவுதான். எச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87ல் ஒரு பங்கு) பொதுவாக 14, 15 வோல்ட் இருக்கும், அது திசை மாறிக்கொண்டே இருக்கும் சதுர அலை. பழைய டிசி ரயிலில் வேகம் கூடக் கூட விளக்கு பிரகாசமாகும், நின்றால் அணையும், அதனால் அங்கே விளக்கை வைத்து எதையும் முடிவு செய்வது கஷ்டம். இங்கே அப்படியில்லை. தொடர்பு ஒரு கணம் அறுந்தால் மோட்டார் தன் சுழற்சி வேகத்தில் அதைத் தாண்டிவிடும், கண்ணுக்கே தெரியாது. விளக்குக்குப் பிடித்து வைத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, அதே கணத்தில் துடித்துக் காட்டிவிடும். விளக்கு துடிப்பதை அலட்சியம் செய்த ஒவ்வொரு இன்ஜினும் சில வாரங்களில் அதே இடத்தில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

துடிப்பில் வகைகள் உண்டு. இன்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் ஊர விட்டுப் பார்க்க வேண்டும் (கையால் தள்ளக் கூடாது, வார்ம் கியர் உள்ள இன்ஜினில் சக்கரம் சுற்றாமல் இழுபடும், கியருக்கும் நல்லதில்லை). எந்த இன்ஜினை விட்டாலும் ஒரே இடத்தில் துடித்தால் குற்றம் தண்டவாளத்தில். ஒரு இன்ஜின் மட்டும் எல்லா இடத்திலும் துடித்தால் குற்றம் சக்கரத்திலோ உள்ளே இருக்கும் ஒயரிலோ. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயின்ட்டுகளைத் தாண்டும்போது மட்டும் துடித்தால், நடுவில் தண்டவாளங்கள் சேரும் பிளாஸ்டிக் துண்டில் மின்சாரம் இல்லை, சிறிய இன்ஜினுக்கு அந்த நீளம் தாங்கவில்லை என்று பொருள்.

என்னிடம் நான்கே சக்கரம் உள்ள சின்ன ஷன்டிங் இன்ஜின் ஒன்று உண்டு. அது ஊரும்போது விளக்கு ஒரே தாளத்தில் துடித்தது. துடிக்கும் இடத்திலெல்லாம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். புள்ளிகளை அளந்தால் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டருக்கு ஒன்று. சக்கரத்தின் விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு சுற்றுக்கு அது உருளும் தூரமும் கிட்டத்தட்ட அதே 4 சென்டிமீட்டர்தான். அப்படியானால் ஏதோ ஒரு சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தொடர்பை இழக்கிறது. இழுவைக்காக ஒரு பக்கச் சக்கரம் ஒன்றில் ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள், அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் எடுக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு சக்கரம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தச் சக்கரத்தின் விளிம்பில் கடுகளவு பசை காய்ந்து ஒட்டியிருந்தது, முன்பு நான் வேறு ஏதோ ஒட்டியபோது சிந்தியது. நகத்தாலேயே பெயர்ந்து வந்துவிட்டது. சாக்பீஸ் புள்ளி இல்லாமல் இதை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன், ஏனென்றால் சக்கரங்கள் எல்லாம் பளபளவென்று சுத்தமாகத்தான் தெரிந்தன.

சுத்தம் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, இன்ஜினின் ஒரு பாதி சக்கரங்கள் காகிதத்திலும் மறு பாதி தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு ஓட விட்டால் கறுப்புக் கோடுகளாக அழுக்கு இறங்கும். அப்புறம் திருப்பிப் பிடித்து மறு பாதி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு முதலில் சேரும்.

தண்டவாளத்துக் குற்றம் என்றால் பெரும்பாலும் இணைப்புத் தகடுகள்தான். இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் அந்த உலோகத் தகடு அவற்றை ஒரே நேர்கோட்டில் பிடித்து வைக்கத்தான் லாயக்கு, மின்சாரத்துக்கு அதை நம்பக் கூடாது. முதல் வருடம் முழுக்க ஓரிடத்தில் மட்டும் இரண்டு ஒயர் கொடுத்துவிட்டு, வளையத்தின் மறுகோடியில் விளக்குகள் ஏன் மங்குகின்றன என்று டீகோடர் மதிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரே இன்ஜின் இருக்கும்போது தெரியாது. இரண்டாவது இன்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது முதல் இன்ஜினின் விளக்கு சட்டென்று மங்கும். அடியில் தடித்த ஒயரை வளையம் முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அதிலிருந்து ஒரு சின்ன ஒயர் எடுத்துப் பற்றவைத்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. இதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. எந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்தாலும் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டர் உடனே அதை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் தயங்குகிறது என்றால் அந்த இடத்துக்குப் போகும் வழியில் தடை அதிகம், நிஜமாகவே ஷார்ட் ஆகும்போது சக்கரமும் டீகோடரும் சூடாகும்.

இனி உள்ளே. டீகோடர் ஒயர்களின் நிறங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள், அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வகுத்த தரம் அது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வருபவை, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, பச்சையும் ஊதாவும் மற்ற விளக்குகளுக்கு. நீலம்தான் எல்லா விளக்குக்கும் பொதுவான பாசிட்டிவ். இந்த நீலத்தைப் புரிந்துகொண்டால் விளக்கு வேலையில் பாதிக் குழப்பம் தீரும். நீலத்தில் எப்போதும் பாசிட்டிவ் இருக்கும். விளக்கைப் போடச் சொன்னால் டீகோடர் வெள்ளை ஒயரை நெகட்டிவோடு சேர்க்கிறது, அவ்வளவுதான் அது செய்வது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து சிவப்பு முனையை நீலத்திலும் கறுப்பு முனையை வெள்ளையிலும் வைத்து விளக்குப் பொத்தானை அழுத்துங்கள். 12, 14 வோல்ட் வந்து போனால் டீகோடர் நல்லபடியாக இருக்கிறது, குற்றம் பல்பிலோ எல்இடியிலோ பற்றவைப்பிலோதான்.

இந்த நீல ஒயரால்தான் என் முதல் டீகோடர் போனது. டிசியில் ஓடிய பழைய இன்ஜின், உள்ளே கனமான உலோகச் சட்டம், சட்டத்தின் மூக்கில் ஒரு பித்தளைக் குழிக்குள் பல்பு. மோட்டாரின் இரண்டு முனைகளையும் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது, ஒழுங்காகப் பிரித்தேன். பல்பின் அடி நுனியில் வெள்ளை ஒயர், பித்தளைக் குழியில் நீல ஒயர், சுத்தமாகப் பற்றவைத்து தண்டவாளத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். பல்பு எரியவே இல்லை. மேல்மூடி இல்லாததால் டீகோடர் கண் முன்னால் இருந்தது. ஓரத்தில் இருந்த சின்னக் கறுப்புச் சதுரம் ஒன்றின் மேல் குமிழி மாதிரி ஒன்று எழும்பி, மெல்லிய கோடாகப் புகை வந்தது. நான் கையை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அந்தக் கருகல் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

நடந்தது இதுதான். பித்தளைக் குழி சட்டத்தில் பதிந்திருந்தது, சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு சேர்ந்திருந்தது. ஆக நான் டீகோடரின் பாசிட்டிவை நேராகத் தண்டவாளத்தோடு இணைத்துவிட்டேன். அலை திசை மாறி அந்தப் பக்கம் நெகட்டிவ் ஆகும் ஒவ்வொரு முறையும் மறுபக்கத் தண்டவாளத்து மின்சாரம் டீகோடருக்குள் இருக்கும் ஒரே ஒரு டையோடு வழியாக ஷார்ட் ஆனது. அது எத்தனை கணம் தாங்கும்?

இப்போது பழைய இன்ஜினைப் பிரித்தால் டீகோடரைக் கையில் எடுக்கும் முன்பே மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, விளக்கின் இரண்டு முனைகளையும் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாக இடது சக்கரம், வலது சக்கரம், சட்டம் மூன்றோடும் தொட்டுப் பார்க்கிறேன். ஒன்றிலும் பீப் வரக் கூடாது. மேல்மூடியைப் போட்ட பிறகு இன்னொரு முறை, ஏனென்றால் மூடும்போது ஒயர் நசுங்கித் தோல் உரிவது சர்வ சாதாரணம். அதன் பிறகும் நேராக ஓட்டத் தண்டவாளத்தில் வைப்பதில்லை. டீகோடர் மதிப்புகளைப் படிக்கவும் எழுதவும் தனியாக இருக்கும் புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து டீகோடரின் முகவரியைப் படிக்கச் சொல்கிறேன். அங்கே மின்னோட்டம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், தப்பு இருந்தால் பிழைச் செய்தி வரும், புகை வராது.

எல்இடிக்கு ரெசிஸ்டர் கட்டாயம். 14 வோல்ட்டில் வெள்ளை எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 11 வோல்ட். 1 கிலோ ஓம் போட்டால் 11 மில்லிஆம்பியர், எந்தச் சின்ன எல்இடிக்கும் அது போதும், பல சமயம் அதிகமே. இன்றைய எல்இடிகள் அவ்வளவு பிரகாசம், 1:87 அளவு இன்ஜினில் அது கார் ஹெட்லைட் மாதிரி கண்ணைக் குத்தும். நான் 4.7 கிலோ, சில சமயம் 10 கிலோ ஓம் வரை போகிறேன். 1 கிலோ ஓம் என்றால் ரெசிஸ்டரில் சுமார் 0.12 வாட் சூடு வரும், அதனால் கால் வாட் அளவு போடுங்கள். அதை பிளாஸ்டிக் மூடியில் ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு எல்இடிகளை இணையாகப் போட்டு ஒரே ரெசிஸ்டரில் ஓட்டினால் ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் எரியும், ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர்தான் சரி. ரெசிஸ்டர் நீலத்தில் இருந்தாலும் வெள்ளையில் இருந்தாலும் ஒன்றுதான். எல்இடியின் நீளக் கால் நீலத்தின் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எரியாது.

பல்புகள் வேறு ஜாதி. குளிர்ந்திருக்கும் இழைக்குத் தடை மிகக் குறைவு, எரியும்போது இருப்பதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, அதனால் போட்ட கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் பாயும். டீகோடரின் ஒரு விளக்கு வழிக்கு 100 மில்லிஆம்பியர்தான் எல்லை என்றால், ஓடும்போது 80 எடுக்கும் பல்பு தொடக்கத்தில் அதைத் தாண்டிவிடும். டீகோடர் ஷார்ட் என்று நினைத்து விளக்கை அணைக்கும், மறுபடி போடும், மறுபடி அணைக்கும். பார்ப்பவருக்கு இதுவும் துடிப்புதான், ஆனால் இன்ஜின் நின்றிருக்கும்போதே துடிக்கும். ஒரு 22 அல்லது 33 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டதும் எனக்கு அது அடங்கியது.

டீகோடரைச் செருக சாக்கெட் உள்ள இன்ஜின்களில் பற்றவைக்கும் வேலை இல்லை, ஆனால் அங்கேயும் பொறி இருக்கிறது. 8 பின் பிளக்கைத் தலைகீழாகச் செருகிவிட்டால் ஒன்றும் எரிந்துபோகாது. இன்ஜின் எதிர்த் திசையில் ஓடும், விளக்கு எரியாது. சுற்றிப் போட்டால் ஆரஞ்சின் இடத்தில் சாம்பல், வெள்ளையின் இடத்தில் மஞ்சள், நீலத்தின் இடத்தில் பச்சை வந்துவிடுகிறது. பொதுவான பாசிட்டிவே போய்விட்டால் விளக்கு எப்படி எரியும்? ‘திசை தலைகீழ், விளக்கும் இல்லை’ என்று இரண்டும் சேர்ந்து வந்தால் சிவியைத் தொடாமல் பிளக்கைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள். மேலே சொன்னேனே, திசைக்காக சிவி29ல் 1 எழுதிய கதை, அந்த இன்ஜினில் விளக்கு எரிந்தது, அதனால் பிளக் சரிதான்.

6 பின் சாக்கெட்டில் நீல ஒயரே கிடையாது. விளக்கின் மறுமுனை தண்டவாளத்தோடு சேர்கிறது, அதனால் அலையின் பாதி நேரம்தான் மின்சாரம் கிடைக்கிறது, வெளிச்சம் குறைகிறது, சில டீகோடரில் லேசான நடுக்கமும் தெரியும். அது குறைபாடு இல்லை, அமைப்பே அப்படி. பிடிக்கவில்லை என்றால் டீகோடரில் நீலத்துக்கான புள்ளி இருக்கிறதா என்று பார்த்து அங்கிருந்து தனி ஒயர் எடுக்கலாம். 21 பின் டீகோடரில் வேறு சங்கதி: மூன்றாவது, நான்காவது கூடுதல் வழிகள் சில டீகோடரில் நேரடியாக விளக்கை எரிக்கும் வலுவோடு வரும், சிலவற்றில் வெறும் சிக்னல் மட்டும் வரும். முன்விளக்கு, பின்விளக்கு எல்லாம் எரிந்து ஓட்டுநர் அறை விளக்கு மட்டும் எவ்வளவு அழுத்தியும் எரியாமல் இருந்தால், நல்ல டீகோடரைக் குறை சொல்லும் முன் இந்த இரண்டில் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள்.

ஒயரிலும் குற்றமில்லை, சாக்கெட்டிலும் குற்றமில்லை என்றால் மறுபடி சிவிகள். இன்ஜின் முன்னால் போகும்போது விளக்குப் பொத்தான் எந்த ஒயரை இயக்க வேண்டும் என்பதை சிவி33ம், பின்னால் போகும்போது எதை என்பதை சிவி34ம் சொல்கின்றன. வழக்கமான மதிப்பு முறையே 1, 2. இரண்டிலும் 3 எழுதினால் எந்தத் திசையிலும் இரு விளக்குகளும் எரியும். இரண்டு இன்ஜினைச் சேர்த்து ஓட்டுபவர்கள் ஜோடியின் முகவரி இருக்கும் சிவி19ஐயும் நினைவில் வையுங்கள். ஒரு நாள் ஒரு இன்ஜின் விளக்குக்கு மட்டும் கீழ்ப்படிந்தது, அசையவே மறுத்தது. மோட்டார் போய்விட்டது என்று பயந்துபோய், பல்லைக் கடித்துக்கொண்டு சிவிகளை வரிசையாகப் படித்தால் சிவி19ல் 5 இருந்தது, மாதக்கணக்குக்கு முன் ஜோடி சேர்த்தபோது எழுதியது. 0 எழுதியதும் கிளம்பிவிட்டது. ஜோடியில் இருக்கும்போது எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதை சிவி22 பார்த்துக்கொள்ளும், நடுவில் மாட்டிக்கொண்ட விளக்குகள் எரிவது உறுத்தினால் அங்கே போங்கள்.

பெட்டிகளுக்கு விளக்கு போட்டபோதுதான் நான் மிகவும் ரசித்த வேலையும், மிகவும் தலையைப் பிய்த்துக்கொண்ட வேலையும் ஒன்றாக வந்தன. டீகோடர் இல்லாமலே செய்யலாம்: சக்கரத்திலிருந்து இரண்டு ஒயர், திசை மாறும் மின்சாரத்தை ஒரே திசையாக்க ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ரெசிஸ்டர், எல்இடி பட்டை. ஆனால் பெட்டிகள் லேசானவை, சக்கரம் தண்டவாளத்தில் அழுந்தாது, துடிப்பு கட்டாயம் இருக்கும். அதற்கு, கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்க ஒரு கெபாசிட்டர். 25 வோல்ட் தாங்கும் 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை ரெக்டிஃபையருக்குப் பின்னால், பாசிட்டிவ் நெகட்டிவ் பார்த்துப் போட்டால் பயணிகள் பெட்டி ஒரு சிமிட்டல் இல்லாமல் வளைவில் போகிற அழகை இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரு பெட்டி நன்றாக வந்ததும் ஆசை கூடி ஆறு பெட்டிக்கும் 1000 மைக்ரோ ஃபாரட் போட்டேன். சுவிட்சைப் போட்டால் பூஸ்டர் ‘டக்’ என்று அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி டக். எங்கோ ஷார்ட் என்று ஒரு பெட்டியாக எடுத்துக்கொண்டே வந்தேன். நான்கு பெட்டி இருக்கும்போது சரியாக இருக்கிறது, எந்த நான்கானாலும் சரியாக இருக்கிறது, ஐந்தாவதை வைத்ததும் அணைகிறது. அப்படியானால் எந்தப் பெட்டியிலும் ஷார்ட் இல்லை. காலியாக இருக்கும் ஐந்து கெபாசிட்டர்கள் ஒரே கணத்தில் மின்சாரத்தை உறிஞ்சும்போது பூஸ்டருக்கு அது ஷார்ட் மாதிரியே தெரிகிறது. ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் முன்னால் 100 ஓம் ரெசிஸ்டர் தொடரில், அந்த ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு டையோடு: நிரம்பும்போது மெதுவாக ரெசிஸ்டர் வழியாக, கொடுக்கும்போது தடையில்லாமல் டையோடு வழியாக. ஆறு பெட்டியும் ஒரே நேரத்தில் கிளம்பின.

அடுத்து, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைத் தனியாகப் போட்டு அணைக்க ஒரு விளக்கு டீகோடர் வைத்தேன். அதை புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்தால் முகவரியை எழுதவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. டீகோடர் ‘சரி, புரிந்தது’ என்று பதில் சொல்வது எப்படியென்றால் சுமார் 6 மில்லிவினாடிக்குக் குறைந்தது 60 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுத்துக் காட்டும், வழக்கமாக மோட்டாரை ஒரு துடி துடிக்க வைத்து. இங்கே மோட்டாரே இல்லை, இருப்பது 3 மில்லிஆம்பியர் குடிக்கும் எல்இடி. அது எவ்வளவு சொன்னாலும் கண்ட்ரோலர் காதில் விழாது. விளக்கு வழியில் தற்காலிகமாக ஒரு பல்பை இணைத்து எழுதினேன், உடனே ஏற்றுக்கொண்டது, பிறகு பல்பைக் கழற்றிவிட்டேன். பெரிய கெபாசிட்டர் இருந்தாலும் இதே தொல்லை வரும், எழுதும்போது மட்டும் அதைப் பிரித்து வையுங்கள்.

போன வாரம் வரை ஒன்று மட்டும் தீராமல் இருந்தது. அதே கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கை அணைத்த பிறகும் ஒரு மினுக்கு மீதியிருந்தது. பகலில் தெரியாது, இருட்டில் மட்டும், எல்இடியின் நடுவில் ஊசி முனை அளவு சிவப்பு. டீகோடரை மாற்றினேன், அதுவே. வழி மூடியிருந்தாலும் உள்ளே துளியூண்டு மின்சாரம் கசிகிறது, இந்த எல்இடிகளுக்கு அந்தத் துளியே போதுமானதாக இருக்கிறது. எல்இடியின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். கசிவு அதன் வழியாகப் போய்விடுகிறது, எல்இடி எரிவதற்கு வேண்டிய வோல்ட் சேர்வதே இல்லை, விளக்கைப் போடும்போது வெளிச்சத்தில் வித்தியாசமும் தெரியவில்லை. கூரையை மூடி, அறை விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை உட்கார்ந்திருந்தேன். பொத்தானை அழுத்தினேன், சிவப்பு. மறுபடி அழுத்தினேன். அந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.